கிரேஸ் ஹொப்பரின் குறிப்புக் கொப்பி

எனது புத்தகப் பையில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாகத் தெரிவுசெய்த நாளிலிருந்து அதை எழுதி வருகிறேன். ஆசிரியை சொல்லித் தரும் பாடக் குறிப்புகள் வேறு கொப்பியில் இருக்கின்றன. இந்தக் கொப்பியில் இருப்பவை சின்னச் சின்ன செய்நிரல் துண்டுகள். துவித எண்ணைத் தசம எண்ணாக மாற்றும் சில வரிகள், ஒரு கோப்பைத் திறந்து வரிவரியாக வாசிக்கும் சில வரிகள், புள்ளிகளைக் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்கும் சில வரிகள். கணினி ஏதாவது பிழைச் செய்தி காட்டினால், அது ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதையும் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைப்பேன். ஒருமுறை எழுதி, ஓடவிட்டுப் பார்த்து, சரிவந்த பிறகே எதுவும் அந்தக் கொப்பியில் ஏறும்.

கடந்த தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது வகுப்புத் தோழி ஒருத்தி அந்தக் கொப்பியை ஒரு நாளைக்கு இரவல் கேட்டாள். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். கொப்பியோ என் காலடியில் கிடந்த பைக்குள் இருந்தது. பொய் சொல்கிறேன் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனாலும் உயர்தரத்தில் ஒவ்வொரு புள்ளியும் மாவட்ட நிலையைத் தீர்மானிக்கும் என்று கேட்டுக் கேட்டு மனம் இறுகிப் போயிருந்தது. நான் இரவில் கண்விழித்துத் தேடிக் கண்டதை அவள் ஒரு மாலைப் பொழுதில் பார்த்தெழுதிவிடுவாளே என்றுதான் நினைத்தேன்.

அதே வாரத்தில் வகுப்பில் கொம்பைலர் பற்றிய பாடம் நடந்தது. நாம் எழுதும் செய்நிரலைக் கணினிக்கு விளங்கும் இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கொம்பைலர். தமிழில் தொகுப்பான் என்கிறோம். அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் ஒரு பெண் என்றும், அவரும் என்னைப் போலவே செய்நிரல் துண்டுகளைக் கொப்பியில் எழுதி வைத்தவர் என்றும் ஆசிரியை சொன்னார். கொப்பி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவர்தான் கிரேஸ் ஹொப்பர்.

கிரேஸ் 1906 டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஏழு வயதில் வீட்டிலிருந்த எலாம் மணிக்கூடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பூட்டலாம் என்று இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளும் துண்டு துண்டாகின. தாய் அவரை அடிக்கவில்லை. இனிமேல் ஒரேயொரு மணிக்கூட்டோடு விளையாடு என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். தந்தை ஒரு காப்புறுதித் தரகர். நோயினால் இரண்டு கால்களையும் இழந்தவர். தனக்கு ஏதும் நடந்தாலும் தன் பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக, மகனுக்குக் கொடுத்த கல்வியையே மகள்மாருக்கும் கொடுத்தார். நூறு வருடங்களுக்கு முன் அப்படி நினைத்த ஒரு தந்தையை நினைத்து நான் வியந்தேன்.

பதினாறு வயதில் வாஸர் பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது இலத்தீன் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. ஒரு வருடம் காத்திருந்து அடுத்த வருடம் சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் பௌதிகவியலிலும் பட்டம் பெற்றார். 1930இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதே 1930இல் வின்சென்ட் ஹொப்பர் என்பவரைத் திருமணம் செய்தார். 1931 முதல் தான் படித்த வாஸரிலேயே கணித விரிவுரையாளரானார். நிம்மதியான தொழில், நல்ல பெயர். அத்தோடு அவருடைய கதை முடிந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இரண்டாம் உலக யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பின் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது. கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடிவிட்டது என்றார்கள். இருக்க வேண்டிய எடையை விட 15 இறாத்தல் குறைவு என்றார்கள். அவர் விடவில்லை. விசேட அனுமதி பெற்று 1943இல் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாக வந்து, 1944 ஜூலையில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணிப்பு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

அதன் பெயர் மார்க் 1. நீளம் 51 அடி, உயரம் 8 அடி. எமது வகுப்பறை இரண்டைச் சேர்த்தாலும் அதற்கு இடம் போதாது என்று நினைக்கிறேன். ஒரு செக்கனுக்கு மூன்று கூட்டல்கள்தான் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ ஆறு செக்கன்கள் எடுக்கும். ஆனால் இரவு பகலாக, சோர்வில்லாமல் செய்யும். அதற்குக் கட்டளை கொடுக்க விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. நீண்ட காகித நாடாவில் துளைகள் இட்டு, அந்தத் துளைகள் மூலம் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்த ஹவார்ட் எய்க்கன் கண்டிப்பான மனிதர். வந்த அன்றே இயந்திரத்தைக் காட்டி, நேர்மாறு தான்சனைக் கணிக்கத் தேவையான குணகங்களை ஒரு வாரத்துக்குள் கணித்துத் தரும்படி கிரேஸிடம் வேலையை ஒப்படைத்தார். கட்டளை எழுதுவது எப்படி என்பதை ரிச்சர்ட் புளொக், ரொபர்ட் கெம்பெல் என்ற இரண்டு இளம் அதிகாரிகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார். அவர்கள் இருவரும் அவரைவிட வயதில் மிகவும் குறைந்தவர்கள். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு விரிவுரையாளர் இளையவர்களிடம் போய் உட்கார்ந்து கற்பதைக் குறைவாக நினைக்கவில்லை.

இங்குதான் கொப்பி வருகிறது.

பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்காக இருந்தாலும் சரி, வேறு எந்தக் கணக்காக இருந்தாலும் சரி, சில பகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு கோணத்தின் சைன் பெறுமானத்தைக் காணல், ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் காணல் போன்றவை அவை. ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாக எழுதுவது வீண் வேலை. ஆகவே ஒருமுறை எழுதி, இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, சரி என்று கண்ட துண்டுகளை அவர்கள் கொப்பிகளில் எழுதி வைத்தார்கள். கிரேஸிடம் ஒரு கொப்பி, புளொக்கிடம் ஒரு கொப்பி. ஒருவருக்குச் சைன் தேவைப்பட்டால் மற்றவரின் கொப்பியை வாங்கிப் பார்த்தெழுதிக்கொள்வார். பிறகு இவற்றுக்குத் துணைநிரல் என்ற பெயர் நிலைத்தது. பைதனில் நாம் சார்பு என்று ஒன்றை வரையறுத்து, தேவையான இடத்தில் பெயர் சொல்லி அழைக்கிறோமே, அதன் மூத்த சகோதரி என்று இதைச் சொல்லலாம்.

யுத்த காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1944இல் ஜோன் வொன் நியூமன் என்ற கணித மேதை ஒரு கடினமான கணக்கோடு அந்த இயந்திரத்தைத் தேடி வந்தார். அது அணுகுண்டு தயாரிப்போடு தொடர்புடைய கணக்கு என்பது அங்கு வேலை செய்தவர்களுக்கு அப்போது தெரியாது. குண்டுகள் விழுந்த பிறகே தெரிந்தது. இதை வாசித்தபோது என் மனம் கனத்தது. அறிவு யாருடைய கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பது பெரிய அமானிதம். கிரேஸின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது என்று எனக்குத் தோன்றியது.

அதே காலத்தில் எய்க்கன் இன்னொரு வேலையும் கொடுத்தார். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று ஒரு நூல் எழுத வேண்டும். தனக்கு நூல் எழுதி அனுபவம் இல்லை என்று கிரேஸ் தயங்கினார். கடற்படையில் இருப்பவர் அப்படிச் சொல்ல முடியாது என்பதை எய்க்கன் உணர்த்தினார். 1946இல் அந்த நூல் 561 பக்கங்களில் வெளிவந்தது. எனது கொப்பியில் 80 பக்கங்களை நிரப்புவதற்கே எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

கிரேஸ் ஹொப்பர் என்றதும் பலரும் சொல்வது பூச்சியின் கதையைத்தான். மார்க் 2 என்ற அடுத்த இயந்திரம் 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி பிழையாக வேலை செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சியொன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து அன்றைய பதிவேட்டில் ஒட்டி, உண்மையாகவே ஒரு பூச்சி பிடிபட்டது என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். செய்நிரல் பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கத்தை அவரே ஆரம்பித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பொறியியலாளர்கள் அதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்பிருந்தே பிழையைப் பூச்சி என்று சொல்லி வந்தார்கள். அதனால்தான் அந்தப் பகிடியே பகிடியாயிற்று. பூச்சியைப் பிடித்தவரும் கிரேஸ் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லி உலகறியச் செய்தவர் அவர். அந்தப் பதிவேடு, ஒட்டிய பூச்சியோடு, இன்றும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடந்த பிழையை மறைக்காமல் திகதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்ததால்தான் எழுபது வருடங்களுக்கு மேலாகியும் அது நம் கண்ணுக்குக் கிடைத்திருக்கிறது.

யுத்தம் முடிந்தது. 1945இல் அவருடைய மணவாழ்க்கையும் முறிந்தது. பிள்ளைகள் இல்லை. வாஸரில் பேராசிரியர் பதவி தருவதாக அழைத்தார்கள். அவர் கணினியை விட்டுப் போக விரும்பவில்லை. ஆனால் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1949இல் ஒப்பந்தம் முடிய வெளியேற வேண்டி வந்தது. தனிமையும் மதுப் பழக்கமும் அவரை வாட்டிய காலம் அது. நண்பர்கள் கண்டித்தும் அணைத்தும் கைகொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயதில், பிலடெல்பியாவில் யுனிவெக் என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து மீண்டும் தொடங்கினார்.

அங்கேயும் கொப்பிகள் இருந்தன. இப்போது ஒருவர் இருவர் அல்ல, பலர் ஒருவருடைய துணைநிரலை மற்றவர் பார்த்தெழுதினார்கள். இரண்டு விதமான பிழைகள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதை கிரேஸ் கவனித்தார். முதலாவது, கூட்டல் பிழை. ஒரு துணைநிரல் கொப்பியில் பூச்சியத்தாவது இடத்திலிருந்து தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். அதை ஒரு பெரிய செய்நிரலின் 300ஆவது இடத்தில் வைக்க வேண்டுமானால், அதிலுள்ள ஒவ்வொரு முகவரியோடும் 300ஐக் கூட்ட வேண்டும். 5 என்பது 305 ஆகும், 12 என்பது 312 ஆகும். ஓரிடத்தில் கூட்ட மறந்தாலும் எல்லாம் பிழைத்துவிடும். இரண்டாவது, பார்த்தெழுதும் பிழை. அவசரத்தில் எழுதிய பீ என்ற ஆங்கில எழுத்து அடுத்தவர் கண்ணுக்கு 13 ஆகத் தெரியும். வெற்றிடத்தைக் குறிக்கும் முக்கோணக் குறி 4 ஆகிவிடும்.

இதை வாசித்தபோது நான் சிரித்தேன். எங்கள் கல்லூரி நூலகத்துக்காக நான் எழுதிய ஒரு சிறிய செய்நிரலில் எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே தலைப்பே வந்துகொண்டிருந்தது. மாலை முழுவதும் தேடிய பிறகே தெரிந்தது, கொப்பியிலிருந்து எடுத்த துண்டில் மாறியின் பெயரை ஓரிடத்தில் மாற்றாமல் விட்டிருக்கிறேன் என்று. யேலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களோடு வேலை செய்தவர்களும் அதே பிழையைத்தான் விட்டார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மற்றவர்கள் இன்னும் கவனமாக எழுதுங்கள் என்று அறிவுரை சொல்லியிருப்பார்கள். கிரேஸ் வேறுவிதமாக யோசித்தார். மனிதர் பார்த்தெழுதுவதிலும் கூட்டுவதிலும் பிழை விடுகிறார்கள். முன்னால் நிற்கும் இயந்திரமோ அந்த இரண்டையும் பிழையில்லாமல் செய்வதற்கென்றே உண்டாக்கப்பட்டது. அப்படியானால் அந்த வேலையை அதனிடமே கொடுத்துவிட்டால் என்ன? யுனிவெக்கிற்கு வரிசைப்படுத்தும் செய்நிரலைத் தானாகவே ஆக்கித் தரும் ஒரு செய்நிரலை பெற்றி ஹோல்பெர்ட்டன் என்ற பெண்மணி அதற்கு முன்னரே எழுதியிருந்தார். செய்நிரலால் செய்நிரல் எழுத முடியும் என்ற துணிவு தனக்கு அவரிடமிருந்தே வந்தது என்று கிரேஸ் பிற்காலத்தில் மறக்காமல் சொல்லி வந்தார்.

1951 ஒக்டோபரில் தொடங்கி 1952 மே மாதமளவில் அவர் அதைச் செய்து முடித்தார். கொப்பியில் இருந்த துணைநிரல்கள் ஒவ்வொன்றாகக் காந்த நாடாவில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு இலக்கம் கிடைத்தது, நூலகப் புத்தகத்துக்கு இலக்கம் ஒட்டுவது போல. செய்நிரல் எழுதுபவர் எந்த இலக்கங்கள் எந்த ஒழுங்கில் தேவை, எந்தத் தரவுகளோடு தேவை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கணினி நாடாவில் தேடி அவற்றை எடுத்து, அடுத்தடுத்து வைத்து, முகவரிகளையும் தானே கூட்டிச் சரிசெய்து, முழுச் செய்நிரலாகத் தொகுத்துத் தரும். தொகுப்பதால் அதற்குக் கொம்பைலர் என்று பெயர் வைத்தார். இலக்கம் ஏ-0. இன்றைய கொம்பைலர்கள் செய்யும் வேலைகள் பல அதில் இல்லை. ஆனால் செய்நிரல் எழுதும் சலிப்பான வேலையை இயந்திரத்தின் தலையில் ஏற்றிய பயணம் அங்குதான் புறப்பட்டது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு போகும்போது, முன்பு வைத்த துண்டுக்குத் திரும்பிப் போ என்று கட்டளை இடுவது எளிது. அதன் இடம் ஏற்கெனவே தெரியும். ஆனால் இனிமேல் வரப்போகும் துண்டுக்குப் போ என்று எப்படிச் சொல்வது? அது எங்கே அமையும் என்றே இன்னும் தெரியாதே. இதற்கு விடை அவருக்குக் கணிதத்திலிருந்து கிடைக்கவில்லை. கல்லூரியில் விளையாடிய கூடைப்பந்தாட்டத்திலிருந்து கிடைத்தது.

அந்தக் காலத்துப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அடி எடுத்து வைக்க முடியாது. எமது கல்லூரியில் வலைப்பந்து விளையாடும் எவருக்கும் இது விளங்கும். முன்னேற வேண்டுமானால் பந்தை ஒரு தோழியிடம் எறிந்துவிட்டு, முன்னால் ஓடிப் போய் நின்று, அவளிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். கிரேஸ் கணினி நினைவகத்தின் கடைசியில் ஒரு சிறிய மூலையை ஒதுக்கினார். வரப்போகும் துண்டுக்குப் போக வேண்டிய கட்டளையை முதலில் அந்த மூலைக்கு அனுப்பி, உனக்கொரு செய்தி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு குறியை வைத்தார். பிறகு அந்தத் துண்டுக்கு இடம் கிடைத்ததும், மூலையிலிருந்து அந்த இடத்துக்குப் போகும் இரண்டாவது கட்டளை எழுதப்படும். மூலையில் நிற்பவள் தோழி, கட்டளை பந்து. விளையாட்டு நேரத்தை வீணான நேரம் என்று நினைக்கும் பெற்றோர்கள் இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொருமுறை வாசிக்க வேண்டும்.

ஏ-0 ஓடியது. ஆனால் பலர் நம்பவில்லை. கணினி கணக்குத்தான் செய்யும், செய்நிரல் எழுதாது என்று அவருக்கே விளக்கம் சொன்னார்கள். அவர் சளைக்காமல் ஏ-1, ஏ-2 என்று திருத்திக்கொண்டே போனார். ஏ-2 கொம்பைலரை யுனிவெக் வாங்கியவர்களுக்குக் கொடுத்தபோது அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். நீங்கள் செய்யும் திருத்தங்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டார்கள். புளொக்கின் மேசைக்கும் கிரேஸின் மேசைக்கும் இடையே கைமாறிய கொப்பி, இப்போது நகரங்களுக்கு இடையே கைமாறியது. கொடுக்கக் கொடுக்க அது குறையவில்லை, வளர்ந்தது.

அடுத்த கனவு இன்னும் பெரியது. வியாபார நிறுவனங்களில் கணக்கு எழுதுபவர்களுக்குக் கணிதக் குறியீடுகள் பிடிக்காது. அவர்கள் சாதாரண ஆங்கிலச் சொற்களால் கட்டளையிட முடிந்தால் நல்லது அல்லவா? கணினிக்கு ஆங்கிலம் விளங்காது என்று மேலதிகாரிகள் மறுத்தார்கள். அவர் செய்து காட்டினார். சொற்கள் கணினிக்கு வெறும் அடையாளங்களே என்பதை நிரூபிக்க, அதே செய்நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜேர்மன் சொற்களிலும் காட்டினார். அது வினையாக முடிந்தது. அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும் என்று அவர்கள் இன்னும் குழம்பிவிட்டார்கள். இதை வாசிக்கும்போது எனக்குத் தமிழ் நினைவுக்கு வந்தது. இயந்திரத்துக்கு எந்த மொழியும் ஒன்றுதான். நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலச் சொற்களால் ஆன அந்த மொழி ஃப்ளோ-மெட்டிக். 1959இல் அரசாங்கமும் பல கணினி நிறுவனங்களும் சேர்ந்து எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு வியாபார மொழியை ஆக்கத் தீர்மானித்தபோது, அதற்கு முக்கிய அடித்தளமாக அமைந்தது ஃப்ளோ-மெட்டிக்தான். அப்படிப் பிறந்ததே கோபோல். அதை ஆக்கியவர்கள் ஜீன் சாமெட் உட்படப் பலர். கிரேஸ் ஆலோசகராக இருந்தார். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் செய்நிரல் இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது. இன்றும் உலகின் பல வங்கிகளில் கோபோல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

1966 இறுதியில், அறுபது வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழு மாதங்கள்தான் கடந்தன. கடற்படையின் கணினிகளில் கோபோல் ஆளுக்கொரு விதமாக வளர்ந்து கிடந்ததை ஒழுங்குபடுத்த 1967 ஓகஸ்டில் ஆறு மாதங்களுக்கு மட்டும் வரும்படி அழைத்தார்கள். அந்த ஆறு மாதங்கள் பத்தொன்பது வருடங்களாக நீண்டன. 1969இல் ஒரு சங்கம் கணினித் துறையின் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதை முதன்முதலாக வழங்கியது. அதன் ஆங்கிலப் பெயரில் ஆணைக் குறிக்கும் சொல்லே இருந்தது. பெற்றவர் கிரேஸ் ஹொப்பர்.

முதுமையில் அவர் ஊர் ஊராகப் போய் இளையவர்களுக்குப் பேசினார். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளை ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். ஒரு நனோசெக்கனில், அதாவது ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி போகக்கூடிய மிகக் கூடிய தூரம் அது. கண்ணால் காண முடியாத நேரத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வைத்தார். இதுவரை இப்படித்தான் செய்து வந்தோம் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. அதனால் அவருடைய அலுவலகச் சுவரில் முட்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் மணிக்கூடு ஒன்று இருந்தது. அதுவும் நேரத்தைச் சரியாகவே காட்டியது. ஏழு மணிக்கூடுகளைக் கழற்றிய சிறுமி கடைசிவரை மாறவில்லை.

1986 ஓகஸ்டில், ரியர் அட்மிரல் பதவியில், 79 வயதில் அவர் ஓய்வுபெற்றார். அப்போது கடற்படையில் சேவையிலிருந்த அதிகாரிகளில் அவரே வயதில் மூத்தவர். அதன் பிறகும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராக வேலை செய்தார். 1992 ஜனவரி முதலாம் திகதி, 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. யேல் பல்கலைக்கழகம் 2017இல் தன் கல்லூரிகளில் ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தது. ஆனால் தன் வாழ்வின் பெரிய சாதனை எது என்று கேட்டால், கொம்பைலரை அல்ல, தான் பயிற்றுவித்த இளையவர்களையே அவர் சொல்வாராம்.

மனிதர் மரணித்த பின்னும் அவருக்கு நன்மை சேர்ப்பவற்றில் பயன்தரும் அறிவும் ஒன்று என்று சிறுவயதிலிருந்து கற்று வந்திருக்கிறோம். பைக்குள் ஒளித்து வைத்த அறிவு யாருக்குப் பயன்தரும் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் கொப்பியைத் தோழியின் மேசையில் வைத்தேன். அன்று அது என் பையில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு கொப்பியைத் திறந்தாள். மூன்றாம் நாள் திருப்பித் தந்தபோது இருபத்தியிரண்டாம் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது. நான் எழுதியிருந்த ஒரு தடம் கடைசி எண்ணைத் தொடாமலே நின்றுவிடுகிறது என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒன்றரை வருடமாக அந்தப் பிழை என்னோடேயே இருந்திருக்கிறது. கொப்பி பைக்குள்ளேயே இருந்திருந்தால் பரீட்சை மண்டபத்துக்கும் என்னோடு வந்திருக்கும்.

வட்டத்துக்குக் கீழே அன்றைய திகதியையும் அவளுடைய பெயரையும் எழுதி வைத்தேன். இப்போது அந்தக் கொப்பியில் நான்கு பேருடைய கையெழுத்துகள் இருக்கின்றன.